75 விழுக்காடும் ஓர் எதிர்பாராத அலையும்

நான்காண்டு இளநிலைப் படிப்பின் இறுதியாண்டில் ஆய்வுப் பிரிவைத் தேர்ந்தெடுக்க, முதல் ஆறு பருவங்களில் 75 விழுக்காடு மதிப்பெண் வேண்டும் என்கிறது பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டுப் பாடத்திட்டக் கட்டமைப்பு. ஆய்வுக்குத் தக்கவரை இந்த எண் காட்டிவிடுமா?

நரம்பறிவியல் ஆய்வகத்தில் இளநிலை மாணவர் உண்மையில் என்ன செய்கிறார்? விடுதித் தோழர்களைக் கெஞ்சி அழைத்துவந்து தலையில் மின்முனைகளைப் பொருத்துகிறார். உச்சந்தலையில் பதிவாகும் மூளையின் மின்னலைகள் சில மைக்ரோவோல்ட் அளவே. ஒரு கண்சிமிட்டல் போதும், அவற்றை மூழ்கடிக்க. அந்தச் சிமிட்டல்களைத் தரவிலிருந்து களைவதிலேயே மாலைகள் கழிகின்றன. விடுதி திரும்பும்போது உணவுக்கூடம் மூடியிருக்கும். இந்தப் பொறுமைக்கு எந்தத் தேர்விலும் மதிப்பெண் இல்லை.

மொழியியலார் நன்கறிந்த எடுத்துக்காட்டு ஒன்று. பொருந்தாச் சொல்லில் முடியும் வாக்கியங்களைப் படிப்போரிடம் பி300 என்னும் நேர்மின் அலையை எதிர்பார்த்தனர் மார்த்தா குட்டாஸும் ஸ்டீவன் ஹில்யார்டும். கிடைத்ததோ, ஏறத்தாழ 400 மில்லிநொடியில் எழுந்த எதிர்மின் அலை. அதைப் பிழையென ஒதுக்காமல் 1980இல் வெளியிட்டனர். என்400 எனப்படும் அந்த அலை, இன்று மொழிக்கும் மூளைக்குமான உறவை ஆராய்வோரின் முதன்மைக் கருவிகளுள் ஒன்று.

வழிகாட்டிகளும் கருவிகளும் குறைவு, வடிகட்டல் தேவை என்பர். தேவைதான். ஆனால் தேர்வு, எதிர்பார்த்த விடையைத் தருபவரையே தேர்கிறது. ஆய்வோ, எதிர்பாராததைக் கண்டு நிதானிப்பவரை நாடுகிறது. ஆகவே, விரும்பும் அனைவருக்கும் மூன்றாமாண்டில் ஒரு பருவ ஆய்வகப் பயிற்சி அளிப்போம். யார் தொடரலாம் என்பதை அவர்களுடைய ஆய்வகக் குறிப்பேடு சொல்லட்டும்.