சீனியாற் கொழுத்தவர் யார்?

நாட்டுப்புறத்தான் நாவை அடக்கக் கற்க வேண்டுமாம்! சீனியையும் உப்பையும் கொழுப்பையும் அளவறிந்து உண்ணத் தெரியாதவனாம்! கொழும்பு மாநகரின் குளிரூட்டிய மண்டபங்களிலிருந்து இந்த உபதேசம் ஓயாது எழுகின்றது. உபதேசத்தை நாம் வெறுக்கவில்லை. இலங்கையில் வளர்ந்தோர் ஐவரில் ஒருவர் நீரிழிவுக்கோ அதன் முதற்படிக்கோ ஆளாகியுள்ளனர் என 2008இல் வெளிவந்த ஆய்வு காட்டிற்று. நோய் மெய்யே. குற்றவாளி யார் என்பதிலேதான் நாம் மாறுபடுகின்றோம்.

புறக்கோட்டைக்கு வந்து பாருங்கள். நான்காம் குறுக்குத்தெருவிலும் அதன் அயலிலும் லொறிகளில் ஏறுவன எவை? சீனி மூடை, கோதுமை மா மூடை, எண்ணெய்த் தகரம், கருவாட்டுப் பொதி. மலையகத் தோட்டத்துக்கும் வன்னிக் கிராமத்துக்கும் படுவான்கரைக்கும் போய்ச் சேர்வன இவையே. ரொட்டியும் தேநீரும் அருந்திக் கொழுந்து பறிக்கச் செல்பவள் சீனியை நாடுவது நாவின் சபலத்தாலன்று. குறைந்த காசுக்கு உடனே தெம்பு தருவது அதுவே என்பதனால். குளிர்ப்பெட்டி இல்லாத குடிசையில் மீனைக் காப்பது உப்பு. நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாக உப்பை உண்க என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். கருவாட்டையன்றி வேறு கறிக்கு வழியற்றவன் அந்த அளவை எங்ஙனம் காப்பான்?

ஆட்சியாளர் செய்ததென்ன? 2020 அக்டோபரில் ஒரு கிலோ சீனிக்கு 50 ரூபாவாக இருந்த இறக்குமதி வரியை ஒரே இரவில் 25 சதமாக்கினர். கடையில் விலை அதற்கேற்ப இறங்கிற்றா? இல்லை! திறைசேரி 1,500 கோடி ரூபாவுக்கு மேல் இழந்தது. பயன் மக்களைச் சேரவில்லை எனப் பாராளுமன்றக் குழுவிலேயே வெளிப்பட்டது. 2023 நவம்பரில் வரி மீண்டும் 50 ரூபாவாயிற்று. சுமை உடனே ஏழையின் தேநீர்க் கோப்பையில் இறங்கிற்று. குறைத்தால் இலாபம் இறக்குமதியாளருக்கு. கூட்டினால் பாரம் குடியானவனுக்கு! இதுவா நீதி?

2017 நவம்பரில் இனிப்புப் பானங்களில் உள்ள சீனிக்குக் கிராமுக்கு 50 சத வரி விதித்தனர், நற்செயல்தான். ஏறக்குறைய ஓராண்டிலேயே அதனைத் தளர்த்தினர். 2016இல் போத்தல்களுக்குச் சிவப்பு, மஞ்சள், பச்சை நிறக்குறி வந்தது. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருப்பின் சிவப்பு. ஆனால் தகரத்திலிருந்து எடுத்துத் தாளிற் சுற்றித் தரும் மிக்சருக்கும் பணிசுக்கும் நிறம் ஏது?

சீனி வரியை நாம் எதிர்க்கவில்லை. அவ்வரியில் ஒரு பங்கு கிராமத்து நீரிழிவுச் சிகிச்சை நிலையங்களுக்கு மீள வேண்டும். பயறும் உழுந்தும் குரக்கனும் விளைவிக்கும் நம் உழவனுக்கு நிலையான விலையும், அப்பண்டங்களை ஏழைக்குச் சகாய விலையில் வழங்கக் கூட்டுறவுக் கடையும் வேண்டும். வரி குறையும் நாளில் விலையும் குறைவதை அரசு காவல் செய்ய வேண்டும். புறக்கோட்டையில் வாணிபம் செய்யும் நம்மவரையும் கேட்கின்றோம்: அந்த மூடைகளுக்கிடையே உள்ளூர்ப் பயறுக்கும் குரக்கனுக்கும் இடமில்லையா?

வைத்தியர்களே, ஆசிரியர்களே, உழவர்களே! உண்பவனை ஏசுவதை நிறுத்துவோம். அவன் கலத்தில் எது விழ வேண்டுமெனத் தீர்மானிக்கின்றவர்களைக் கணக்குக் கேட்போம்!