பிள்ளைகளைப் பற்றிய நாடகமும் பெரியவர்களின் யோக்கியதையும்

தினம் சாயங்காலம் டெலிவிஷன் பெட்டியில் மாமியார் மருமகள் சண்டையும், பாம்பு பழிவாங்குவதும், அம்மன் அற்புதமும் காட்டப்படுவதை நம் வீடுகளில் எவரும் ஆட்சேபிப்பதில்லை. ஆனால் பள்ளிப் பிள்ளைகளின் உண்மையான நடப்பை ஒரு நாடகம் காட்டிவிட்டால் மாத்திரம், “பிள்ளைகள் கெட்டுப்போவார்கள்” என்று கூப்பாடு கிளம்பிவிடுகிறது.

2025 மார்ச்சு மாதத்தில் ‘அடோலசன்ஸ்’ என்கின்ற இங்கிலீஷ் நாடகம் நான்கு பாகமாக நெட்பிளிக்சில் வந்தது. கூடப் படித்த பெண்ணைக் கொன்றதாக 13 வயதுப் பையன் ஒருவன் கைதாகிறான். தகப்பன் சாதாரண உழைப்பாளி, தாயும் கொடுமைக்காரியல்ல. விசாரிக்க வந்த போலீஸ் அதிகாரிக்கே, பிள்ளைகள் கைப்பேசியில் போட்டுக்கொள்ளும் சின்னப் படங்களின் அர்த்தம் தெரியவில்லை. அதே பள்ளியில் படிக்கும் அவர் மகன் சொல்லித்தான் தெரிகிறது. பார்க்கின்ற எந்தத் தகப்பனும் “இது பக்கத்து வீட்டுச் சங்கதி” என்று தப்பித்துக்கொள்ள முடியாது. அந்நாட்டுப் பிரதம மந்திரி ஸ்டார்மரே இதை உயர்நிலைப் பள்ளிகளில் இலவசமாய்க் காட்டும் ஏற்பாட்டை ஆதரித்தார்.

நம் சங்கதி என்ன? நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலிக்குப் போகும் வழியில்தான் நாங்குநேரி இருக்கிறது. 2023 ஆகஸ்டில் அங்கு தாழ்த்தப்பட்ட வகுப்பு மாணவன் ஒருவனைப் பள்ளித் தோழர்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்கப் போன தங்கைக்கும் வெட்டு. அவன் செய்த “குற்றமெல்லாம்” தான் பட்ட பாட்டைப் பள்ளியில் சொன்னதுதான். அதன் பேரில் சர்க்கார் நியமித்த ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு, ஜாதியைக் காட்டும் கலர்க் கயிறு, மோதிரம், நெற்றிக்குறி முதலியவை பள்ளியில் கூடாதென்று 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தார். உடனே “மதத்தில் கைவைக்கிறார்” என்று சிலர் கிளம்பிவிட்டார்கள். பையன் மேல் விழுந்த வெட்டைவிடக் கயிறு அறுபடுவதுதான் இவர்களுக்கு வலிக்கிறது போலும்!

தோழர்களே! பையன் கையில் கயிறு தானாகவா முளைத்தது? கட்டிவிட்ட பெரியவன் கோர்ட்டுக்குப் போவதில்லை, பையன்தான் போகிறான். இதை எந்த டெலிவிஷன் கம்பெனியாவது நாடகமாக்கிக் காட்டட்டுமே.

“வெட்டினவனிடம் இரக்கமா?” என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். கொன்றவனையே எல்லோரும் நினைப்பார்கள், செத்த பெண்ணை மறந்துவிடுவார்கள் என்று அந்த நாடகத்திலேயே ஒரு பெண் போலீஸ் அதிகாரி வருத்தப்படுகிறார். ஆகவே நம் நாடகம் வெட்டுப்பட்டவன் வீட்டில்தான் துவங்க வேண்டும். அதற்குப் பிறகு வெட்டியவன் வீட்டுக்குப் போய், அங்கே பாட்டனும் சிற்றப்பனும் சாப்பாட்டு வேளையில் என்ன பெருமை பேசிக்கொண்டிருந்தார்கள் என்பதையும் காட்டட்டும். தண்டனையைக் குறைப்பதற்காக அல்ல. அடுத்த பையனுக்கு அதே பேச்சு ஊட்டப்படாமலிருப்பதற்காக.

அப்படியொன்று வந்தால் ஊர்தோறும் வாசகசாலைகளில் போட்டுக் காட்ட வேண்டும். காட்டி முடித்ததும் பெரியவர்கள் பிரசங்கத்துக்கு எழுந்திருக்காமல், முதலில் பிள்ளைகளைப் பேச விடட்டும்.