வண்டி அருகில் வந்தது. மக்கள் தொலைவில் போயினர்!

ஓர் அரசின் நெஞ்சம் யார்பால் உள்ளது என்பதை அறிய அதன் மேடைப் பேச்சுகளைக் கேட்கவேண்டா. அது யாருக்கு எங்கே வீடு கட்டித் தருகின்றது என்பதைப் பார்த்தாலே போதும்.

சென்னையில் மெட்ரோ எனப்படும் பெருநகர்த் தொடர்வண்டி 2015 சூன் திங்களில் கோயம்பேட்டிற்கும் ஆலந்தூருக்கும் இடையே ஓடத் தொடங்கியது. அவ்வாண்டின் இறுதியில் பெருவெள்ளம் வந்தது. அதன்பின், அடையாற்றின் கரையிலும் கூவத்தின் கரையிலும் வாழ்ந்த ஏழைக் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் நகரின் தென்கோடிக்கு அப்பாலுள்ள பெரும்பாக்கத்திற்குப் பெயர்த்துச் செல்லப்பட்டன. வண்டியை நம்பியே பிழைக்க வேண்டியவர் எவரோ, அவரே வண்டிக்கு எட்டாத் தொலைவில் கொண்டுபோய் விடப்பட்டனர்.

தொடக்கத்தில் நெறி இதுவன்று. 1970இல் குடிசைமாற்று வாரியம் அமைந்த பின்னர், நொச்சிக்குப்பம் போன்ற இடங்களில், மக்கள் வாழ்ந்த மண்ணிலேயே அடுக்குமாடி வீடுகள் எழுந்தன. மீனவர் கடலை இழக்கவில்லை. 2000ஆம் ஆண்டையொட்டிக் கண்ணகி நகர் தோன்றிய காலத்தில் வழி மாறிற்று. அரசவையில் முறைகேட்டு நின்றவளின் பெயரை, முறையிழந்த மக்களின் குடியிருப்பிற்குச் சூட்டினர்! 2021இல் வாரியத்தின் பெயரும் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்றாயிற்று. பெயர் மாறினாற் போதுமா? நெறி மாறவேண்டாவா?

'நகர்நடுவே நிலம் விலைமிக்கது; தொலைவில் மலிவு' என்பர். மலிவு யாருக்கு? மயிலாப்பூரில் நான்கு வீடுகளில் வேலை செய்த பெண், அங்கிருந்து விடியுமுன் எழுந்து பேருந்துக்குக் காத்து நின்றால் இரண்டு வீடுகளுக்கே போய்ச்சேர முடியும். கூலி பாதியாகின்றது, வழிச்செலவு பெருகுகின்றது. அரசு நிலத்தில் மிச்சம் பிடித்த பணத்தை அவள் நாள்தோறும் தன் கூலியிலிருந்து கட்டிக்கொண்டிருக்கின்றாள். இஃது எவ்வகைச் சிக்கனம்?

இனி, அந்நிலத்தை விலைமிக்கதாக ஆக்கியவர் யார்? தொடர்வண்டியின் இரண்டாம் கட்டம் 118.9 கிலோமீட்டர், மதிப்பீடு 63,246 கோடி உருபா. அத்தனையும் மக்கள் கொடுத்த வரியும், மக்கள் பெயரால் வாங்கிய கடனுமே. நிலையம் வரும் என்ற சொல் பிறந்த அன்றே அருகிலுள்ள நிலம் விலையேறுகின்றது. ஒரு செங்கல்லும் எடுத்து வையாத நிலமுடையார் பையில் அவ்வேற்றம் விழுகின்றது. செலவு பொது, ஊதியம் தனி! நாளை பழைய மாமல்லபுரச் சாலை வழியே வண்டி ஓடும்பொழுது, கண்ணகி நகர்ப் பக்கத்து நிலமும் விலையேறும். அன்று அம்மக்களை இன்னும் எங்கே கொண்டுபோய் விடுவர்?

தமிழும் ஆட்சிமொழியாக விளங்கும் சிங்கப்பூரைப் பார்க்கலாம். அங்கு 1960இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தோன்றியது. 1966இல் நிலம் எடுக்கும் சட்டம் வந்தது. இன்று அந்நாட்டு மக்களுள் ஏறத்தாழ எண்பது விழுக்காட்டினர் அரசு கட்டிய வீடுகளில் வாழ்கின்றனர். அக்குடியிருப்பு நகர்கள் பலவற்றின் நடுவே தொடர்வண்டி நிலையம் இருக்கின்றது. நிலமோ அந்நாட்டில் மிகமிகக் குறைவு. அங்கே இயன்றது இங்கே இயலாதென்பது பொருளில்லாமையன்று, மனமில்லாமையே!

செய்யவேண்டியவை மூன்று. நிலையங்களை அடுத்துள்ள அரசு நிலங்களை வணிக மாளிகைகளுக்கு விடுமுன், எளியோர் வீடுகளுக்கென ஒரு பங்கை ஒதுக்கவேண்டும். தொடர்வண்டியால் விலையேறிய நிலத்தின்மீது தனிவரி விதித்து, அப்பணத்தை அவ்வீடுகளுக்கே செலவிடவேண்டும். புதுத்தடம் ஒவ்வொன்றின் மதிப்பீட்டிலும் வீட்டுக்கான தொகையை முதலிலேயே சேர்க்கவேண்டும்.

நகரைத் துப்புரவு செய்பவரும், அதன் கட்டடங்களை எழுப்பியவரும், அதன் அடுப்புகளை மூட்டுபவரும் நகருக்கு வெளியே வாழவேண்டும் என்பது புதுக்கோலம் பூண்ட பழஞ்சேரி முறையே. ஊருக்குப் புறத்தே சேரி வைத்த இழிவை எதிர்த்த தமிழர், அதே சேரி எட்டு மாடிகளோடு எழும்பொழுது வாளாவிருத்தல் தகுமா?