பௌர்ணமி எந்த ராசியில் நின்றால் என்ன?

இடபம், கன்னி, மகரம் மூன்றும் நில ராசிகளாம். பௌர்ணமிச் சந்திரன் இவற்றில் ஒன்றில் நிற்கும் நாளில் மண் சம்பந்தப்பட்ட எதைத் தொட்டாலும் துலங்குமாம். காணி அமையும், அத்திவாரம் போட்டால் வீடு எழும்பும், போட்ட விதை பொய்க்காது, கைக்கு வந்த காசு கரையாது, அலைபாய்கிற மனசுகூட அடங்கும். வார ராசிபலன் எழுதுகிறவர்களுக்கும் கைபேசியில் பரிகாரம் சொல்கிறவர்களுக்கும் ஒவ்வொரு தடவையும் இது ‘அபூர்வப் பௌர்ணமி’. தம்புள்ளையைப் போல மண்ணை நம்பிப் பிழைக்கிற ஊரில் இந்தப் பேச்சு நன்றாக விலைபோகும். வெங்காயம் போடுகிறவர், மரக்கறி லொறிக்கு முற்பணம் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறவர், உறுதி இல்லாத காணியில் குடியிருப்பவர் என எல்லோரும் காது கொடுத்துக் கேட்பார்கள். அவர்கள் காதில் விழுவது சுத்தப் பொய்.

முதலில் அந்த ‘அபூர்வத்தை’ எடுத்துக்கொள்வோம். பௌர்ணமி என்றால் பூமிக்கு ஒரு பக்கம் சூரியன், நேர் எதிரே சந்திரன். சூரியன் விருச்சிகத்தில் இருக்கும் கார்த்திகை மாதத்தில் நிறைநிலா அதற்கு ஏழாவதான இடபத்தில் நின்றே ஆக வேண்டும். பங்குனியில் சூரியன் மீனத்தில், நிலா கன்னியில். ஆடியில் சூரியன் கடகத்தில், நிலா மகரத்தில். ஆண்டுக்கு மூன்று, எப்போதாவது ஒன்று கூடும். 2026இல் ஏப்ரல் 2, ஜூலை 29, நவம்பர் 24. இந்தத் தேதிகளைச் சொல்ல ஞானதிருஷ்டி வேண்டாம், பெருக்கலும் கழித்தலும் தெரிந்தால் போதும். கார்த்திகை விளக்கீட்டுக்கு நாம் வாசலில் விளக்கு வைப்பதே இந்த இடபத்து நிலவுக்குத்தான். ஆக, ‘பௌர்ணமி இடபத்தில் நிற்கிறது’ என்பதும் ‘இது கார்த்திகை மாதம்’ என்பதும் ஒரே செய்தி. பின்னதைச் சுவரில் தொங்கும் கலண்டர் சும்மா சொல்கிறது.

சரி, அந்த மூன்று பௌர்ணமிகளின்போதும் தம்புள்ளை மண் எப்படி இருக்கிறது? பங்குனியில் பெரும்போக நெல்லை வெட்டி முடித்து வயல் தாளடியாகக் கிடக்கும். ஆடியில் இந்தப் பக்கம் மழையே இல்லை. வறண்ட காற்று புழுதியை வாரிக்கொண்டு போகும், சிறுபோகத்து வெங்காயம் கிணற்று நீரிலும் குளத்து நீரிலும் உயிர் பிடித்துக் கிழங்கு பருக்கும். ஆடிப்பட்டம் தேடி விதைக்கச் சொன்னவர் பாக்கு நீரிணைக்கு அந்தப் பக்கத்துக்காரர். அவர் பேச்சைக் கேட்டு மகரத்து நிலவன்று இங்கே மானாவாரியில் விதைத்தால் விதை எறும்புக்குத்தான். கார்த்திகையில் வடகீழ்ப் பருவமழை. வரப்பும் வாய்க்காலும் ஒன்றாகிவிடும். புழுதி, தாள், சேறு என்று மூன்று நிலையில் இருக்கிற மண்ணுக்கு ஒரே பலனை எப்படிச் சொல்ல முடியும்? அதே கார்த்திகை நிலவு ரொறன்ரோவில் இருக்கும் நம் உறவினர் தலைக்கு மேலேயும்தான் நிற்கிறது. அங்கே அப்போது தோட்டத்து மண் குளிரில் இறுகத் தொடங்கியிருக்கும்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாட்டைப் புரட்டிப் போட்டது. மலையகத்தில் மண் சரிந்து வீடுகளோடு மனிதர்களையும் மூடியது. அன்று நிலா பாதிதான். பௌர்ணமிக்கு ஒரு வாரம் இருந்தது. டிசம்பர் 4ஆம் தேதி இடபத்துப் பௌர்ணமி உதித்தபோது மண்ணுக்கு நடக்க வேண்டியதெல்லாம் நடந்து முடிந்திருந்தது.

அந்த டிசம்பர் 4 இடபத்தில் என்பதும் நம் பஞ்சாங்கக் கணக்குக்கு மட்டும்தான். மேற்கத்திய சோதிடத்தில் அதே நிலா மிதுனத்தில், அதாவது காற்று ராசியில் நின்றது. அவர்களுடைய நில ராசிப் பௌர்ணமி அதற்கு முந்தைய மாதமே, நவம்பர் 5ஆம் தேதியே, வந்துபோய்விட்டது. நம் கணக்கில் அன்று நிலா மேடத்தில், நெருப்பு ராசியில். பூமியின் அச்சு மெல்லத் திரும்புவதால் இரண்டு ராசிச் சக்கரங்களும் இன்று ஏறக்குறைய 24 பாகை விலகி நிற்கின்றன. கைபேசியில் வரும் ‘அபூர்வப் பௌர்ணமி’ச் செய்திகளில் பல மேற்கத்தியக் கணக்கை அப்படியே தமிழாக்கியவை. அதை வாசித்துவிட்டு நம் பஞ்சாங்கத்தை விரித்து நாள் பார்க்கிறவர் ஒரே நிலாவை மண்ணாகவும் நெருப்பாகவும் கும்பிடுகிறார். பஞ்சாங்கக்காரர்களாவது தங்களுக்குள் ஒத்துப்போகிறார்களா? திருக்கணிதப் பஞ்சாங்கத்தின்படி சனி மீனத்துக்குப் பெயர்ந்தது 2025 மார்ச்சில். வாக்கியப் பஞ்சாங்கத்தின்படி அதற்கு மறு ஆண்டு மார்ச்சில். ஒரு வருடம் முழுக்கச் சனி எங்கே இருந்தார் என்பதிலேயே உடன்பாடில்லாதவர்கள் சந்திரன் நம் காணிக்கு என்ன செய்வார் என்று சொல்ல வருகிறார்கள்.

கொஞ்சம் படித்தவர்கள் வேறு வழியாக வருவார்கள். கடலையே இழுக்கிற நிலா செடியின் சாற்றை இழுக்காதா என்பார்கள். கடல் பெரிது, அதனால் வற்றுப்பெருக்குத் தெரிகிறது. கண்டலம குளத்தில் வற்றுப்பெருக்கைக் கண்ணால் கண்டவர் யார்? வெங்காயத் தாளுக்குள் இருக்கிற நீருக்கு அந்த இழுவை ஒரு பொருட்டே இல்லை. நிலா நில ராசியில் நிற்கும் நாளில் கிழங்கும் வேரும் நட வேண்டும் என்று ஜெர்மனியில் மரியா தூன் என்ற பெண்மணி 1960களிலிருந்து ஆண்டுதோறும் நாட்காட்டி வெளியிட்டார். உலகம் முழுக்க இன்றும் அதற்கு வாசகர்கள் உண்டு. பயிர்மீது நிலவின் செல்வாக்கு பற்றிய இத்தகைய கருத்துகளை ஸ்பெயினின் வலென்சியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இயற்பியல், தாவரவியல் இரண்டு பக்கமாகவும் அலசி 2020இல் எழுதினார்கள். நம்பத்தக்க சான்று எதுவும் அகப்படவில்லை. வெங்காயம் கிழங்கு வைப்பது பகலின் நீளத்தையும் வெப்பத்தையும் விதையின் இனத்தையும் பொறுத்தது. தோட்டக்காரருக்கு இது என்னைவிட நன்றாகவே தெரியும். அவர் விதை வாங்கும்போது முளைப்புத்திறனைத்தான் விசாரிக்கிறார்.

நம்புகிறவர்களுக்கு வசதியான ஓர் உதாரணத்தை நானே தருகிறேன். 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதிக்குத் தடை வந்தது. நெல் விளைச்சல் விழுந்தது. நவம்பர் 19ஆம் தேதி இடபத்தில் பௌர்ணமி, அதுவும் கிரகணத்தோடு. இந்த ஒரு தடவை மேற்கத்தியக் கணக்கும் நம் கணக்கும் ஒத்துப்போயின. சில நாட்களில் அரசாங்கம் பின்வாங்கித் தடையை நீக்கியது. மண்ணுக்கு விடிவு மண் ராசியில் வந்தது என்று எழுத இதைவிட வேறென்ன வேண்டும்? ஆனால் அதே ஆண்டு பங்குனியில் கன்னியிலும் ஆடியில் மகரத்திலும் பௌர்ணமி நிற்கத்தானே செய்தது. கன்னி நிலவுக்குப் பிறகு தடை வந்தது. மகர நிலவின்போது தோட்டங்கள் பசளையின்றி மஞ்சள் பூத்தன. மூன்றில் ஒன்றைப் பொறுக்கி மற்ற இரண்டையும் மறைத்தால் எந்த ராசிக்கும் எந்தப் பலனையும் எழுதலாம். தடையை நீக்க வைத்தது தெருவில் இறங்கிய விவசாயிகளின் கூச்சல்.

2004 டிசம்பர் 26 சுனாமி பௌர்ணமி நாளில் வந்தது என்பதைக் காட்டி இன்றும் பயமுறுத்துகிறார்கள். அன்று நிலா நின்றது மிதுனத்தில், காற்று ராசியில். நிலத்தையும் நீரையும் ஒருசேரக் கலக்கிய நாளுக்குக் காற்று எப்படிப் பொறுப்பாகும் என்பதை அவர்களிடமே விட்டுவிடுகிறேன்.

இன்னொரு பௌர்ணமி. 1983 ஜூலை 24 ஞாயிற்றுக்கிழமை இரவு. சூரியன் கடகத்தில், நிறைநிலா மகரத்தில். காணியும் வீடும் நிலைக்கும் என்று பலன் சொல்லப்படுகிற அதே நில ராசி. அந்த இரவுதான் கொழும்பில் தீ வைக்கத் தொடங்கினார்கள். அடுத்த நாட்களில் நாடெங்கும் தமிழரின் வீடும் கடையும் காணியும் போயின. மாசி மகத்துக்கு ஐந்து தேர் ஓடும் மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலும் அந்தக் கலவரத்தில் எரிந்தது. மகர நிலா கெட்டது என்று நான் எதிர்ச் சோதிடம் சொல்ல வரவில்லை. அந்த நிலவுக்கு எதுவும் தெரியாது. வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வீடு வீடாக வந்தவர்களுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. 2013 ஒக்டோபரில் தம்புள்ளையில் புனித பூமி எல்லைக்குள் இருந்த பத்திரகாளி அம்மன் கோயில் இடிக்கப்பட்டபோதும் எல்லைக்கோட்டைப் போட்டவர்கள் மனிதர்களே. இந்த ஊரில் ஒருவருக்குக் காணி நிலைக்குமா என்பதை உறுதியும் வரைபடமும் அவற்றில் கையொப்பமிடும் அதிகாரமும் தீர்மானிக்கின்றன. மகரத்தில் நிலா வரட்டும் என்று காத்திருக்கிறவர் அந்தக் கையொப்பம் கிடைக்கும் அலுவலகத்தின் வாசலுக்குப் போகாமலேயே இருந்துவிடுகிறார். இந்த நம்பிக்கையின்மீது எனக்குள்ள கோபம் இதனால்தான். வெறும் பொழுதுபோக்காக இருந்தால் நானும் சிரித்துவிட்டுப் போயிருப்பேன்.

வெங்காயக்காரரின் கதையும் இதுதான். இந்தியா 2023 டிசம்பரில் ஏற்றுமதியை நிறுத்தி 2024 மே மாதம் திறந்தது. இடைப்பட்ட மாதங்களில் இங்கே விலை ஏறியது. உள்ளூர் அறுவடை ஓகஸ்ட், செப்டெம்பரில் பொருளாதார மத்திய நிலையத்துக்கு வரும்போது இறக்குமதி வரி முன்கூட்டியே உயர்த்தப்பட்டிருந்தால் போட்ட முதல் திரும்பும். கப்பல் வந்து இறக்கிய பிறகு உயர்த்தினால் மூட்டை மூட்டையாக அழுகும். போவத்தென்னையிலிருந்து மகாவலித் தண்ணீரை எப்போது எவ்வளவு திருப்புவது என்பதும், குளத்து நீரை வயலுக்கா வெங்காயத்துக்கா முதலில் விடுவது என்பதும் போகம் தொடங்குமுன் கூட்டத்தில் பேசி முடிவாகிற விஷயங்கள். அந்தக் கூட்டத்துக்குப் போய்க் கையை உயர்த்திக் கேட்கலாம். வரி அறிவித்தல் எந்தத் தேதியில் வரும் என்று அமைச்சுக்கு எழுதியும் கேட்கலாம். இரண்டுக்கும் நாள் பார்க்க வேண்டியதில்லை, போயா நாளில் அலுவலகம் பூட்டியிருக்கும் என்பதைத் தவிர.