காரணம் கம்பெனியோடது, ராஜினாமா மட்டும் உங்களோடதா?

நவம்பர் கடைசி வெள்ளிக்கிழமை ஊருக்குப் போயிருந்தேன். கூனிமேடு. புயல் எச்சரிக்கை இருந்த நேரம், மரக்காணம் பக்கம் உப்பளம் பூரா தண்ணி. சித்தி வீட்டு வாசல்ல தம்பியோட பைக் நின்னுச்சு. சென்னையில இருக்க வேண்டியவன்.

"என்னடா, லீவா?"

"இல்லண்ணே. அனுப்பிட்டாங்க."

சித்தி பையன். சாஃப்ட்வேர் டெஸ்டிங், நாலு வருஷம் ரெண்டு மாசம் சர்வீஸ், மாசம் 60,000 ரூபாய். வெளிநாட்டுத் தாய் நிறுவனத்தோட இந்தியக் கிளை. பேர் வேண்டாம், ஏன்னா விவகாரம் இன்னும் முடியல. மொபைல்ல ரெண்டு விஷயம் காட்டினான். ஒண்ணு, மொத்த டீமையும் கூப்பிட்டு வச்சு காட்டின ஸ்லைடு: "உலகளாவிய பணவீக்க அழுத்தம் காரணமாக" ஆட்களைக் குறைக்கிறாங்களாம். இன்னொண்ணு, அவன் ராஜினாமா போட வேண்டிய போர்ட்டல். அதுல காரணம்னு ஒரு கட்டம், கீழ வரிசையா ஆப்ஷன்: தனிப்பட்ட காரணம், மேற்படிப்பு, வேறு வேலை, திருமணம், உடல்நலம். பணவீக்கம்னு ஒரு ஆப்ஷன் இல்ல!

திங்கட்கிழமைக்குள்ள அதுல ஒண்ணை டிக் பண்ணி ராஜினாமா போட்டா ரெண்டு மாச சம்பளம். போடலைன்னா லெட்டர்ல 'டெர்மினேட்டட்'னு வரும், அடுத்த கம்பெனி வெரிஃபிகேஷன்ல மாட்டிக்குவேன்னு ஹெச்ஆர் சொல்லியிருக்காங்க.

சித்தி பக்கத்துல உக்காந்து கேட்டுக்கிட்டே இருந்தாங்க. முப்பது வருஷம் அளத்துல உப்பு வாரினவங்க. பணவீக்கம்னா விலைவாசி ஏறுறதுன்னு நான் சொன்னதும் ஒரே கேள்விதான் கேட்டாங்க. "விலைவாசி ஏறினா அவன் சரக்கை விலை ஏத்தி விக்கப்போறான். இவனை ஏன் அனுப்புறான்?"

சிஏ படிச்ச எனக்கு உடனே பதில் வரல. இந்தப் பதிவு அந்தக் கேள்விக்குத்தான்.

முதல்ல பணவீக்கம் எங்க இருக்குன்னு பார்த்துடலாம். 2025 அக்டோபர்ல நம்ம நாட்டு சில்லறைப் பணவீக்கம் 0.25 சதவீதம். 2012-ஐ அடிப்படையா வச்ச கணக்கீட்டு வரிசையிலயே இதுதான் குறைவு. தம்பியோட கம்பெனி ஸ்லைடைக்கூட அப்டேட் பண்ணல போல. 2022-ல தயாரிச்சதை அப்படியே ஓட்டியிருக்காங்க.

சரி, 2022-ல இந்தக் காரணம் உண்மையா? பாதி உண்மை. அமெரிக்காவுல 2022 ஜூன்ல பணவீக்கம் 9.1 சதவீதம் வரைக்கும் போச்சு. அதை அடக்க அவங்க மத்திய வங்கி வட்டியை ஏத்த ஆரம்பிச்சது; 2022 மார்ச்ல பூஜ்யத்தை ஒட்டி இருந்த வட்டி 2023 ஜூலைக்குள்ள 5.25 - 5.50 சதவீதம். கடன் விலை கூடினதும் அமெரிக்க பேங்க், ரீடெய்ல் கம்பெனி எல்லாம் ஐடி செலவைத் தள்ளிப்போட்டாங்க. அது சிறுசேரி வரைக்கும் வந்து அடிச்சது. இதை நான் மறுக்கல. வீடியோவுக்குக் கீழ "எல்லாம் பொய், எல்லாம் நாடகம்"னு எழுதறவங்களோட கோபம் புரியுது, ஆனா அது முழுக் கணக்கு இல்ல.

ஆனா கவனிங்க, அங்க அடிச்சது வட்டி. விலைவாசி நேரா வந்து ஒரு ஐடி கம்பெனியோட செலவை ஏத்தறதில்ல. பெரிய ஐடி கம்பெனிகளோட செலவுல பாதிக்கு மேல சம்பளம்தான். அரிசி, பெட்ரோல், வாடகை ஏறினா அது ஊழியரோட பர்ஸைத்தான் அடிக்கும். சம்பளத்தை ஏத்திக் குடுத்தாத்தான் அது கம்பெனி செலவா மாறும். ஏத்திக் குடுத்தாங்களா? 2025 வரைக்கும் நம்ம நுகர்வோர் விலைக் குறியீட்டுக்கு 2012-தான் அடிப்படை வருஷமா இருந்துச்சு, 2012-ல 100. 2025-ல அது 195-ஐச் சுத்தி நின்னுச்சு. அதாவது விலை கிட்டத்தட்ட ரெட்டிப்பு. 2012-ல ஃப்ரெஷருக்கு 3 லட்சத்துச் சொச்சம் குடுத்த பெரிய சர்வீஸ் கம்பெனிகள் விலைவாசிக்கு ஈடா குடுத்திருந்தா இன்னிக்கு 6 லட்சத்தைத் தாண்டியிருக்கணும். இன்னமும் மூணு, மூணரைதான். பணவீக்கத்தோட பில்லை இத்தனை வருஷமா கட்டினது யாருன்னு இதுலயே தெரியுது. அதே பில்லை இன்னொரு தடவை நீட்டினா சந்தேகம் வராம என்ன செய்யும்?

இப்ப கூகுளோட தாய் நிறுவனம் ஆல்ஃபபெட். 2023 ஜனவரியில 12,000 பேர். நம்ம மதுரையில பிறந்த சுந்தர் பிச்சை, பொருளாதாரச் சூழ்நிலை மாறிடுச்சு, வேற சூழ்நிலையை நம்பி ஆள் எடுத்துட்டோம், பொறுப்பு என்னோடதுன்னு எழுதினார். நாகரிகமான கடிதம்தான். ஆனா 2022-ல அந்தக் கம்பெனியோட நிகர லாபம் சுமார் 6,000 கோடி டாலர். அதே வருஷம் தன் ஷேரைத் தானே திரும்ப வாங்க செலவழிச்சது சுமார் 5,900 கோடி டாலர். சூழ்நிலை எல்லாருக்கும் மாறல.

நம்ம வீட்டுக்குப் பக்கத்துலயே ஒரு கேஸ் இருக்கு. ஃப்ரெஷ்வொர்க்ஸ். 2010-ல சென்னையில ஆரம்பிச்சு, 2021-ல நாஸ்டாக்ல லிஸ்ட் ஆன கம்பெனி. அன்னிக்கு நாம எல்லாரும் கைதட்டினோம், நானும்தான். 2024 நவம்பர்ல 13 சதவீத ஆட்களை, சுமார் 660 பேரை, அனுப்பறதா அறிவிச்சாங்க. அந்தக் காலாண்டுல வருமானம் போன வருஷத்தை விட 22 சதவீதம் கூடுதல். அதே சமயத்துல 40 கோடி டாலருக்கு ஷேர் பைபேக் அறிவிப்பு. ஜோஹோ ஸ்ரீதர் வேம்பு, கம்பெனி பேரைச் சொல்லாமலே, கையில 100 கோடி டாலர் வச்சுக்கிட்டு ஆளை அனுப்பற கம்பெனி இனிமே ஊழியர்கிட்ட விசுவாசம் எதிர்பார்க்கக் கூடாதுன்னு காட்டமா எழுதினார். அவர் போட்டிக் கம்பெனிக்காரர், அதையும் கணக்குல வச்சுக்கணும். இன்னொண்ணையும் நேர்மையா சொல்லணும்: அமெரிக்கக் கணக்கு முறைப்படி ஃப்ரெஷ்வொர்க்ஸ் அந்தக் காலாண்டுல நஷ்டம்தான். ஊழியர்களுக்குக் குடுக்கற ஷேரோட மதிப்பும் அதுல செலவா ஏறும். ஆனா நடைமுறையில பணம் உள்ளதான் வந்துக்கிட்டு இருந்துச்சு. லாப நஷ்டக் கணக்கை மட்டும் பார்த்து முடிவு பண்ணாதீங்கன்னு நான் திரும்பத் திரும்ப சொல்றது இதனாலதான். கேஷ் ஃப்ளோ ஸ்டேட்மென்ட்டைப் பாருங்க, அதுல வேஷம் போடறது கொஞ்சம் கஷ்டம்.

2025-ல காரணம் மாறிடுச்சு. ஜூலை கடைசியில டிசிஎஸ் சுமார் 2 சதவீதம் பேரை, அதாவது 12,000-க்கும் மேல, அனுப்பப்போறதா சொன்னப்ப பணவீக்கம்ங்கிற வார்த்தைக்கு இடமே இல்ல. ஊரே ஏஐன்னு சொல்ல, சிஇஓ கிருத்திவாசன் ஏஐ இல்ல, திறனுக்கும் வேலைக்கும் பொருந்தலைன்னு விளக்கம் குடுத்தார். அதுக்கு முந்தின ஏப்ரல் - ஜூன் காலாண்டுல நிகர லாபம் 12,760 கோடி ரூபாய், செயல்பாட்டு லாப விகிதம் 24.5 சதவீதம், ஷேருக்கு 11 ரூபாய் டிவிடெண்ட். கரன்சி ஏற்ற இறக்கத்தைக் கழிச்சுப் பார்த்தா வருமானம் 3.1 சதவீதம் குறைஞ்சிருந்ததும் உண்மை. பிசினஸ் லேசா சுருங்கினப்ப லாபத்தைக் காப்பாத்தினாங்க. ஜூன் முடிவுல 6,13,069 பேர் இருந்த இடத்துல செப்டம்பர் முடிவுல 5,93,314 பேர். தானா போனவங்க எத்தனை, போக வைக்கப்பட்டவங்க எத்தனைன்னு அந்த எண் சொல்லாது.

ராஜினாமாவுக்கும் ஆட்குறைப்புக்கும் உள்ள வித்தியாசம் அந்த எண்ணுக்குள்ளதான் ஒளிஞ்சிருக்கு.

சித்தி கேள்விக்கு அன்னிக்கு ராத்திரி நான் சொன்ன பதில் இது. அளத்துல மழை வந்தா வேலை நிக்கும். அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் பாத்தி எல்லாம் முழுகிக் கிடக்கும். யாரும் "நிஜமாவே மழையா?"ன்னு கேக்கமாட்டாங்க, ஏன்னா தண்ணி கண்ணுக்குத் தெரியுது, அந்த மூணு மாசம் அளத்துக்காரருக்கும் விளைச்சல் கிடையாது. அரசாங்கமும் அதை மழைன்னு ஒத்துக்கிட்டுத்தான் உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு மழைக்கால நிவாரணமா 5,000 ரூபாய் தருது. தம்பி கம்பெனி சொல்ற மழை அவன் தலையில மட்டும் பெய்யுது. மேல இருக்கறவங்களுக்கு அதே மாசம் அறுவடை.

இதை நான் சும்மா சொல்லல. லிஸ்ட் ஆகாத கம்பெனியா இருந்தாலும் கம்பெனி விவகார அமைச்சகத்தோட எம்சிஏ தளத்துல 100 ரூபாய் கட்டினா அவங்க தாக்கல் பண்ண கணக்கை யார் வேணா பார்க்கலாம். பல பேருக்கு இது தெரியாது. நான் மறுநாள் காலையில கட்டிப் பார்த்தேன். கடைசியா தாக்கல் பண்ண வருஷத்துல வருமானம் குறையல. வெளிநாட்டுத் தாய் நிறுவனத்துக்குப் போன டிவிடெண்ட் முந்தின வருஷத்தை விடக் கூடுதல். நிஜமாவே காசில்லாம தவிக்கிற சின்ன ஸ்டார்ட்அப் கணக்கையும் நான் தணிக்கை பண்ணியிருக்கேன். ஓனர் நகையை அடகு வச்சு சம்பளம் போட்டவரும் உண்டு. அங்க லேஆஃப்னா வாயைத் திறக்காம கைகுலுக்கிட்டு வருவேன். இது அந்த ரகம் இல்ல.

ஆனா "பொய் சொல்றாங்க"ன்னு கண்டுபிடிச்சதால தம்பிக்கு ஒரு ரூபா வரப்போறதில்ல. அதனால நான் பிடிச்சுக்கிட்டது வேற முனை. காரணம் பணவீக்கம்னு நீங்களே எழுதிட்டீங்க. அப்ப வேலையை முடிக்கிறது கம்பெனி. சட்டத்துல அதுக்குப் பேர் ஆட்குறைப்பு. ஒரு வருஷம் தொடர்ந்து வேலை பார்த்த தொழிலாளிக்கு ஒரு மாச நோட்டீஸ் இல்லைன்னா அதுக்கான சம்பளம், முடிச்ச ஒவ்வொரு வருஷத்துக்கும் 15 நாள் சம்பளம் இழப்பீடு. 1947 தொழிற்தகராறு சட்டத்துல இருந்தது. 2025 நவம்பர் 21-ல அமலுக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத் தொகுப்புலயும் இருக்கு. புதுசுல கூடுதலா இன்னொரு 15 நாள் சம்பளம், மறுதிறன் நிதி வழியா 45 நாளைக்குள்ள வரணும். ஊதியச் சட்டத் தொகுப்புப்படி பாக்கி சம்பளம் ரெண்டு வேலை நாளுக்குள்ள.

தம்பி கணக்கு தோராயமா: நாலு வருஷத்துக்கு 1,20,000, நோட்டீஸுக்கு 60,000, மொத்தம் 1,80,000, அது போக மறுதிறன் நிதியில 30,000. அவங்க நீட்டினது 1,20,000, அதுவும் "தனிப்பட்ட காரணம்"னு டிக் பண்ணா. வருமான வரியிலயும் வித்தியாசம் உண்டு: தொழிலாளிக்குக் கிடைக்கிற ஆட்குறைப்பு இழப்பீட்டுக்கு 5 லட்சம் வரைக்கும், வரம்புக்கு உட்பட்டு, விலக்கு. ராஜினாமா போட்டுட்டு வாங்கற "கருணைத் தொகை"க்கு அந்த விலக்கைக் கேக்கறது கஷ்டம்.

"ஐடி ஆளெல்லாம் தொழிலாளியாண்ணே?"ன்னு கேட்டான். நல்ல கேள்வி, வாதத்துக்கு உரிய கேள்வியும்கூட. மேனேஜர் வேலை பார்த்தா இல்ல. மேற்பார்வை வேலையில மாசம் 18,000-க்கு மேல வாங்கினா இல்ல. ஆனா விசிட்டிங் கார்டுல என்ன போட்டிருக்குங்கிறது முக்கியமில்ல, தினமும் என்ன வேலை செய்யறீங்கங்கிறதுதான் முக்கியம். இவன் டெஸ்ட் கேஸ் ஓட்டறவன், இவனுக்குக் கீழ ஒரு ஆள் கிடையாது. 2015 ஜனவரியிலயே, டிசிஎஸ் பணிநீக்கம் செஞ்ச ஒரு கர்ப்பிணி ஊழியர் வழக்குல சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை குடுத்துச்சு, கம்பெனி உத்தரவைத் திரும்ப வாங்கிக்கிச்சு. கதவைத் தட்டினா திறக்கவே திறக்காதுன்னு இல்ல. நான் சிஏ, வக்கீல் இல்ல. உங்க கேஸுக்குத் தொழிலாளர் நல அலுவலகத்தையோ தொழிலாளர் சட்டம் தெரிஞ்ச வக்கீலையோ பாருங்க, ஆனா ராஜினாமா பட்டனை அழுத்தறதுக்கு முன்னாடி பாருங்க.

வெரிஃபிகேஷன் பயம் நிஜமான பயம், அதைக் கேலி பண்ண மாட்டேன். அதனாலதான் லெட்டர்ல "ஆட்குறைப்பு, ஊழியரின் நடத்தையோ திறனோ காரணமல்ல"ன்னு எழுதிக் கேக்கச் சொன்னேன். அடுத்த கம்பெனிக்காரனுக்கு அது புரியும், அவனும் ரெண்டு வருஷம் முன்னாடி ஆளைக் குறைச்சவன்தான்.

ஞாயித்துக்கிழமை சாயங்காலம் கரண்ட் வந்ததும் ரெண்டு பேரும் உக்காந்து மெயில் எழுதினோம். அஞ்சு வரிதான். ஸ்லைடுல நீங்க சொன்ன காரணம் இது. நான் ராஜினாமா செய்ய விரும்பல. இதை ஆட்குறைப்பா பதிவு செஞ்சு, நோட்டீஸ் சம்பளம், இழப்பீட்டுக் கணக்கை அனுப்புங்க. கம்பெனி லேப்டாப்பை ஒப்படைக்கத் தயாரா இருக்கேன். பதிலை எழுத்துல குடுங்க. சொந்த மெயில் ஐடிக்கு ஒரு காப்பி. ஸ்லைடோட ஸ்கிரீன்ஷாட், சம்பளச் சீட்டு, ஆஃபர் லெட்டர் எல்லாம் ஆபீஸ் லாகின் போறதுக்கு முன்னாடியே எடுத்து வச்சிருந்தான், கெட்டிக்காரன்.

ஹெச்ஆர்ல இருந்து ரெண்டு தடவை போன் வந்துச்சு, "பேசித் தீர்த்துக்கலாமே"ன்னு. எழுத்துல அனுப்புங்கன்னு சொல்லி வச்சுட்டான். இன்னிக்குப் பதினோராவது நாள். மெயிலுக்குப் பதில் இன்னும் வரல. அந்தப் போர்ட்டல்ல அவன் பேருக்கு எதிர்ல காரணக் கட்டம் காலியாத்தான் இருக்காம்.