ஒயின் உலாவும் காணாமற்போன கைகளும்

ஐரோப்பா சென்று திரும்பும் நம் எழுத்தாளர்களில் பலர் ஒயின் நிலவறை பற்றி ஓர் அத்தியாயம் எழுதாமல் விடுவதில்லை. இலையுதிர் காலத்துப் பொன்னிறக் கொடிகள், சரிவில் இறங்கும் மூடுபனி, கோப்பையில் எழும் குமிழிகள், பிறகு தவறாமல் புறநானூறு. யவனர் தந்த தேறலை அருந்தி மகிழ்க எனப் பாண்டியன் நன்மாறனை நக்கீரர் வாழ்த்திய 56ஆம் பாடலோடு அத்தியாயம் நிறைவுறும்.

இவ்வகை எழுத்தோடு நமக்குள்ள பிணக்கு ஒழுக்கம் சார்ந்ததன்று. குடிப்போர் குடிக்கட்டும். பாதியை மட்டும் பார்த்துவிட்டு முழுவதையும் கண்டதாக எழுதுவதே நமது குற்றச்சாட்டு.

ஷாம்பேன் வட்டாரத்தை எடுத்துக்கொள்வோம். பாரிசிலிருந்து ரெய்ம்ஸுக்கு விரைவு இரயிலில் முக்கால் மணி நேரம். காலையில் சுண்ணாம்புப் பாறையைக் குடைந்த நிலவறைகள், நண்பகலில் குன்றுச் சிற்றூர்கள், மாலையில் எபர்னேயின் மாளிகை வீதி. 2015இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த இடங்கள் இவை. 4,000 கிலோ திராட்சையிலிருந்து 2,550 லிட்டர் சாறு மட்டுமே எடுக்கலாம் என்பது விதி. குலைகளைக் கையால் மட்டுமே பறிக்க வேண்டும் என்பதும் விதியே. கருந்திராட்சைத் தோலின் நிறம் சாற்றில் இறங்காதிருக்க, குலை சிதையாமல் ஆலைக்கு வரவேண்டும். நாம் சென்ற உலாவிலும் இது பெருமையுடன் சொல்லப்பட்டது. அந்தக் கைகள் யாருடையவை என்று வினவினோம். வழிகாட்டி புன்னகைத்து அடுத்த கோப்பையை நீட்டினார்.

புவி வெப்பம் ஏறியதால் அறுவடை முன்னோக்கி நகர்ந்து, பெரும்பாலும் செப்டம்பரிலேயே முடிந்துவிடுகிறது. இலைகள் பொன்னிறமாவது அதற்குப் பின். ஆகவே அந்த அழகைக் காண வருவோர், பறித்தவர்கள் வெளியேறிய தோட்டத்தையே காண்கின்றனர்.

2023 செப்டம்பர் அறுவடையின்போது, கடும் வெயிலில், பறிப்போரில் குறைந்தது நால்வர் இறந்தனர். அதே மாதம் நெல்-ல-ரெப்போன் என்னும் சிற்றூரில், மாலி, மொரித்தானியா, ஐவரி கோஸ்ட், செனகல் முதலிய நாடுகளைச் சேர்ந்த ஐம்பதுக்கும் மேற்பட்ட தொழிலாளர் அடைபட்டிருந்த இருப்பிடத்தை அதிகாரிகள் கண்டனர். தரையில் படுக்கை, அழுக்கேறிய கழிப்பறை, பாதுகாப்பற்ற மின்கம்பிகள். 2025 ஜூலையில் ஷாலோன் நீதிமன்றம் மனித வணிகக் குற்றத்துக்காக மூவரைத் தண்டித்தது. திராட்சை நிறுவனம் ஒன்றுக்கு 75,000 யூரோ அபராதமும் விதித்தது. இடைப்பட்ட 2024 ஜூலையில் அரசு செய்தது என்ன? கையால் பறிக்கும் அறுவடைக்காக வாராந்திர ஓய்வு நாளை முப்பது நாளில் ஒருமுறை நிறுத்திவைக்க வழிசெய்து ஆணை பிறப்பித்தது!

ஒருசிலர் குற்றத்துக்கு வட்டாரத்தையே பழிப்பதா என நண்பர்கள் கேட்கக்கூடும். முறையான கூலியும் உறைவிடமும் தரும் தோட்டக்காரர் அங்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ஆண்டுதோறும் இலட்சம் பேரளவில் பருவத் தொழிலாளர் தேவைப்படும் தொழில் அது. உரிமையாளருக்கும் பறிப்பவருக்கும் நடுவே ஆள்பிடித்துத் தரும் ஒப்பந்தக்காரர் வந்து நிற்கிறார். தவறு வெளிப்படும்போது பழி அவரோடு நின்றுவிடுகிறது. கங்காணி என்ற சொல்லை அறிந்த மொழியில் எழுதுவோருக்கு இதை நாம் விளக்க வேண்டுமா? புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி'யைப் படித்து இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்காகக் கண்ணீர் விட்டவர்கள், இங்கே குமிழிகளை எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்.

மேற்கோளாகிவரும் அந்தப் புறநானூற்றுப் பாடலையாவது முழுதும் படித்திருக்கலாம். பொற்கலத்தில் தேறலை ஏந்தி ஊட்டும் வளையணிந்த மகளிரை, மன்னனைப் போற்றும் வேளையிலும் நக்கீரர் சொல்லாமல் விடவில்லை.

வரும் அக்டோபரில் ஷாம்பேன் செல்லவிருக்கும் பயணக் கட்டுரையாளருக்கு ஒரு தகவல். எபர்னேயிலிருந்து நெல்-ல-ரெப்போன் அதிகத் தொலைவில்லை. உலா வண்டி அங்கு நிற்காது. வாடகைக் கார் கிடைக்கும்.