படம் சுத்தமானது, கல்லின் சாட்சி அழிந்தது

சில மாதங்களுக்கு முன்னர் பேருவளை சீனன்கோட்டையில் வாங்கிய நீலக்கல் ஒன்றின் படத்தை வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவருக்கு அனுப்பியிருந்தேன். அவரிடமிருந்து வந்த முதல் கேள்வியே, "இது சூடேற்றிய கல்லா?" என்பதுதான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சூடேற்றாத கல் என்பதற்காகவே கூடுதல் விலை கொடுத்து வாங்கியிருந்தேன்.

குற்றம் கல்லில் இல்லை, படத்தில்தான். கடையில் வெளிச்சம் போதாததால் படமெங்கும் புள்ளி புள்ளியாக இரைச்சல் விழுந்திருந்தது. கமராக்காரர்கள் நொய்ஸ் என்பது இதைத்தான். என் மகன் அதை ஒரு மென்பொருளில் போட்டுத் துடைத்திருக்கிறான். புள்ளிகளோடு கல்லுக்குள் இருந்த சில்க்கும் போய்விட்டது.

சில்க்கின் பெறுமதியை நம்மவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. ரூட்டைல் என்னும் கனிமத்தின் மெல்லிய ஊசிகள் மூன்று திசைகளில் குறுக்கிட்டு நிற்கும். கடும் வெப்பத்தில் அவை கரைந்து உடைந்துவிடும். முழுதாக நிற்கும் ஊசி, கல் அந்தச் சூட்டைக் காணவில்லை என்பதற்கு நல்ல சாட்சி. மென்பொருளுக்கோ அதுவும் ஒரு தூசு!

அதன் பின்னர் நானே உட்கார்ந்து சிலவற்றைப் பரீட்சித்துப் பார்த்தேன். விற்பவர்கள் காட்டும் மாதிரிப் படங்கள் மனித முகங்களும் இரவு நேர வீதிகளுமே. அவற்றை வைத்து நாம் முடிவெடுக்கலாகாது. நீட் இமேஜ் போன்றவை படத்தின் வெறுமையான ஒரு பகுதியைப் பார்த்து இரைச்சலின் தன்மையை அறிந்துகொள்கின்றன. நிற இரைச்சலையும் ஒளி இரைச்சலையும் தனித்தனியே குறைக்க அவற்றில் வழியுண்டு. நிறத்தைத் தாராளமாகத் துடைக்கலாம், ஒளியில் கை வைக்கும்போதுதான் ஊசி போகிறது. செயற்கை நுண்ணறிவில் இயங்குபவை இன்னும் கெட்டித்தனமானவை, ஆனால் இல்லாத கோட்டையும் வரைந்துவிடக் கூடியவை. அடொபி லைட்ரூம் 2023இல் கொண்டுவந்த அத்தகைய வசதி ஆரம்பத்தில் 'ரோ' கோப்புகளுக்கு மட்டுமே வேலை செய்தது. கையடக்கத் தொலைபேசியோ படத்தைச் சேமிக்கும் முன்பே தானாகத் துடைத்துவிடுகிறது.

என் சோதனை எளிமையானது. கமராவைத் தாங்கியில் பொருத்தி, கல்லை அசைக்காமல் இரண்டு படங்கள் எடுப்பேன். இரண்டையும் தனித்தனியே துடைத்து, முழு அளவில் பெருப்பித்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன். இரைச்சல் படத்துக்குப் படம் மாறும், ஊசி மாறாது. பிறகு பத்து மடங்கு லென்ஸில் கல்லைப் பார்ப்பேன். லென்ஸில் தெரிவது படத்தில் இல்லாவிட்டாலும், படத்தில் இருப்பது லென்ஸில் தெரியாவிட்டாலும் அந்த மென்பொருள் எனக்குச் சரிவராது. துணி வியாபாரிகளும் நெசவு இழையை வைத்து இவ்வாறே பார்க்கலாம்.

உண்மையில் தாங்கியும், ஐஎஸ்ஓ 100உம், சற்று நீண்ட நேர ஒளிபடலும் இருந்தால் துடைக்கவே பெரிதாக எதுவுமிராது. அசையாத கல்லுக்கு அவசரம் என்ன?

அந்த வாடிக்கையாளருக்கு வேறு படம் எடுத்து அனுப்பினேன். ஆய்வுகூடச் சான்றிதழும் கேட்டார், கொடுத்தேன். கல் விலைபோனது, ஆனால் முன்பிருந்த உற்சாகம் அவர் பேச்சில் இருக்கவில்லை. மகன் இப்போது வேறொரு மென்பொருளுக்கு ஆண்டுச் சந்தா கட்டக் கேட்கிறான். முதலில் இரண்டு படங்களையும் கொண்டு வா என்றிருக்கிறேன்.